மீன் உன் காலடியில் இருக்கிறது: டிரவுட் பிடிக்க வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன டிசம்பரில் போடியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து இரண்டு தம்பிகள் டிரவுட் என்கிற குளிர்நீர் மீனைப் பிடிக்க மூணாறு வந்து இறங்கினார்கள். புது ராடு (தூண்டில் கம்பு), நூல் சுற்றும் புது ரீல், இடுப்புவரை ரப்பர் கால்சட்டை. அவர்களைக் கூட்டிக்கொண்டு அனுமதிச் சீட்டு வாங்கி, ஜீப் பிடித்து, குளிரில் நடுங்கி ஓடைக்குப் போய்ச் சேர்ந்தோம். போன பத்தாவது விநாடியில் ஒருவர் சளக் சளக்கென்று தண்ணீருக்குள் இறங்கி நடு ஓடையில் நின்றுகொண்டு, "அண்ணே, எங்கண்ணே போடணும்?" என்றார். எனக்கு வந்த கோபத்தை இன்னும் முழுசாக விழுங்கி முடிக்கவில்லை. அதே வேலையை நானும் ஒரு காலத்தில் செய்தவன் என்பதால்தான் இவ்வளவு எரிச்சல்.

முடிச்சு அவிழ்வது, பின்னால் புதரில் ஈ (கொக்கியில் கட்டிய போலிப் பூச்சியைத்தான் ஈ என்போம்) மாட்டுவது, லைன் என்கிற தூண்டில் நூல் சிக்குவது இதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதை ஓடையே சொல்லிக்கொடுக்கும்.

வந்ததும் தண்ணீரில் இறங்குவது

டிரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து, மேல் பக்கம் பார்த்து நிற்கும். சாப்பாடு அங்கிருந்துதான் மிதந்து வருகிறது. எங்கள் மலை ஓடை பத்துப் பதினைந்தடி அகலம். நடுவில் வேகம் அதிகம், அங்கே நின்றால் மீனுக்குத் தெம்புதான் செலவு. அதனால் நல்ல மீன் கரை ஓரத்தில், புல் கவிழ்ந்த நிழலில், பாறைக்குப் பின்னால் வேகம் குறைந்த இடத்தில் ஒதுங்கி நிற்கும். நீங்கள் கால் வைக்கிற இடம் அதுதான்.

ஒரு மீனை விரட்டினால் ஒன்றோடு போகாது. அது அம்பு மாதிரி ஓடையின் மேல் பக்கம் பாயும், அந்தக் கயத்தில் (ஆழமான தண்ணீர்க் குழியில்) இருக்கிற மற்றதெல்லாம் அதைப் பார்த்துப் பாறைக்கடியில் நுழைந்துவிடும். அப்புறம் அரை மணி நேரத்துக்கு அங்கே என்ன ஈ போட்டாலும் வீண். அன்றைக்கு அந்தத் தம்பி ஒரு காலை வைத்ததில் அந்த ஓடையின் மிக நல்ல கயம் போயிற்று.

இறங்காமல் கரையில் நின்றால் மட்டும் சரியா என்றால், அதுவும் இல்லை. தண்ணீருக்குள்ளிருந்து மீனுக்கு வெளியுலகம் ஒரு வட்ட ஜன்னல் வழியாகத்தான் தெரியும். ஒளி தண்ணீரில் வளைவதால் வருவது இது. இரண்டடி ஆழத்தில் நிற்கிற மீனுக்கு அந்த ஜன்னல் ஏறக்குறைய நாலரை அடி அகலம். அதற்குள்ளே வானம் முதல் கரை வரை எல்லாம் சுருங்கி அடங்கியிருக்கும். நீர்மட்டத்துக்கு மேலே பத்து டிகிரிக்குள் உள்ளது ஜன்னலின் விளிம்பில் நசுங்கி, மங்கலாகிவிடும். கணக்குப் போட்டால் முப்பதடி தூரத்தில் ஐந்தடி உயரம் வரை தப்பிக்கலாம், பதினைந்தடியில் இரண்டரை அடிதான். கிட்டே போகப் போகக் குனிய வேண்டும், கடைசியில் முட்டி போட வேண்டும். மீன் தெரிகிறதா என்று பாறை மேல் ஏறி நின்று எட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: உங்களுக்கு அது தெரிவதற்கு முன்னாலேயே நீங்கள் அதற்குத் தெரிந்துவிட்டீர்கள்.

எங்கப்பா சின்ன வயசில் துரைமாருக்கு மீன் கூடை தூக்கிப் போனவர். எனக்குப் பதினேழு வயசில் முதல்முறையாக ராடைக் கையில் கொடுத்துக் கூட்டிப்போனார். நான் நேராக ஓடைக்குள் இறங்கினேன். அவர் திட்டவில்லை. பாறையில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்து, அது முழுசாக முடிகிற வரை ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "மீன் உன் காலடியிலதான்டா இருந்துச்சு. வா, டீ குடிக்கப் போவோம்" என்றார். அன்றைக்கு அவ்வளவுதான் மீன்பிடிப்பு.

ஆகவே கீழிருந்து மேலாக, மீனின் முதுகுப் பக்கமாகப் போங்கள். நிழல் தண்ணீரில் விழாமல் பாருங்கள். கரை ஓரத்தில் முதல் ஈ, அப்புறம் நடு, அப்புறம் எதிர்க்கரை. மூன்றும் முடிந்தபிறகு இறங்க வேண்டுமானால் இறங்குங்கள். பெரும்பாலும் தேவைப்படாது.

ஈ நீச்சலடிப்பது

மிதக்கிற ஈ ஓடையின் வேகத்திலேயே, செத்த பூச்சி மாதிரி வர வேண்டும். எதிர்க்கரையில் போடும்போது நடுவிலுள்ள வேகமான தண்ணீர் லைனை வளைத்து இழுக்கும். ஈ கோடு கிழித்துக்கொண்டு ஓடும். எந்தப் பூச்சியும் அப்படிப் போகாது, மீனுக்கு அது தெரியும். லைன் விழுந்த கையோடு ராடு நுனியால் அதன் வளைந்த நடுப்பகுதியைத் தூக்கி நீரோட்டத்தின் மேல்பக்கம் எறியுங்கள். அல்லது ராடை உயர்த்திப் பிடித்து, லைன் நடுத்தண்ணீரில் படாமலே பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன ஓடையில் இரண்டாவதுதான் எனக்குச் சுலபம்.

காற்றில் சாட்டை சுழற்றுவது

ஈயைப் போடுமுன் லைனைக் காற்றில் முன்னும் பின்னும் வீசுவது இரண்டு முறை போதும். ஏழெட்டு முறை வீசினால் மீனுக்கு மேலே லைனின் நிழல் ஓடும்.

ஈப் பெட்டி

நாற்பது வகை வேண்டாம்.

காய்ந்த கையால் பிடிப்பது

விடப்போகிற மீன் என்றால் முதலில் கையை நனையுங்கள். உடம்பிலிருக்கிற வழவழப்புதான் அதற்குக் காப்பு, உலர்ந்த கை அதை உரித்துவிடும். கொக்கியின் எதிர்முள்ளை வீட்டிலேயே குறடால் நசுக்கிவிட்டு வந்தால் தண்ணீருக்குள்ளேயே கழற்றிவிடலாம். போட்டோவுக்காகக் கரைப்புல்லில் போடுகிறவர்களை நான் இரண்டாம் முறை கூட்டிப்போவதில்லை. எங்கள் ஓடையிலிருக்கிற ரெயின்போ டிரவுட் வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்து மீன், தோட்டத் துரைமார் தங்கள் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்து விட்டது. குளிர்ந்த தண்ணீர் இருப்பதால்தான் இங்கே பிழைக்கிறது. தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே அதற்குத் திணறல். வெயில் ஏறிய மதியத்தில் நெடுநேரம் இழுத்து விளையாடிவிட்டு விட்டால், நீந்திப்போகிற மாதிரி போகும், பாதி செத்துத்தான் போகும்.

அனுமதி இல்லாமல் போவது

போகாதீர்கள். வரையாடு குட்டி போடுகிற பிப்ரவரி, மார்ச்சில் இரவிகுளம் தேசியப் பூங்கா பக்கம் தலைகாட்டவே வேண்டாம்.

அட்டைக்கடி

சாக்ஸுக்குள் புகையிலைத் தூள் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தம்பிகளுக்கு இதைச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன், கோபத்தில் மறந்துவிட்டது.