உண்ணியின் உடலமைப்பும் அதைப் பிடுங்கும் முறையும்
சேலம் கருப்பு ஆட்டின் கருமுடிக்குள் உண்ணி சட்டென்று கண்ணில் படாது. காது மடல், வாலடி, மடி, தொடை இடுக்கு என்று விரலால் தடவித்தான் தேட வேண்டும். ஏற்காட்டுப் பக்கம் புதரில் மேய்ந்து வந்தால் அன்று மாலையே பார்த்துவிடுங்கள்.

கிடைத்ததை லென்ஸில் பாருங்கள். ஆறு கால் என்றால் குஞ்சு. அடுத்த பருவத்திலிருந்து எட்டு. வளர்ந்த உண்ணியின் முதுகில் கெட்டியான தகடு முழுக்க மூடியிருந்தால் ஆண், முன்பக்கம் மட்டும் இருந்தால் பெண். மீதித் தோல் விரிவதால்தான் பெண் ரத்தம் குடித்து அப்படிப் பருக்கிறது.

கவனிக்க வேண்டியது வாய்தான். தோலுக்குள் இறங்கும் பகுதியில் பின்னோக்கிய முட்கள் வரிசையாக இருக்கும். பல இனங்கள் சிமென்ட் போல இறுகும் பசையையும் சுரக்கும். உடம்பைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் வாய் முறிந்து உள்ளேயே தங்கிப் புண்ணாகும். கூர்முனை இடுக்கியைத் தோலோடு ஒட்டி வைத்து, வாயடியைப் பிடித்து, முறுக்காமல் நேராக, நிதானமாக மேலே இழுங்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சி வேண்டவே வேண்டாம். மிரண்ட உண்ணி எச்சிலைக் காயத்துக்குள் கக்கக்கூடும்.

வெறுங்கையால் நசுக்காமல் ஸ்பிரிட்டில் போடுங்கள். ரத்தம் குடித்த பெண்ணைத் தரையில் எறிந்தால் அங்கேயே ஆயிரக்கணக்கில் முட்டையிடும்.