கொடைக்கானலில் பறவை பார்க்கத் தொடங்குவது எப்படி?

கொடைக்கானலுக்குப் பறவை பார்க்க வருகிறவர்களில் பலர் கையில் ஒரு பட்டியலோடு வருகிறார்கள். இந்த மலைக்கே உரிய பறவைகளை ஒரே காலையில் பார்த்து, படம் எடுத்து, மதியத்துக்குள் இறங்கிவிட வேண்டும் என்று அவசரம். எனக்கு அது பிடிக்காது. புதியவர்களுக்கு அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை; பறவைக்கும் தொல்லை. ஒரே சோலையின் ஓரத்தில் நின்று பழகும் வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

1. பைனாகுலரைச் சரிசெய்யுங்கள்

8×42 போதும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும். முன் லென்ஸின் விட்டம் 42 மி.மீ. சோலைக்குள் பகலிலேயே வெளிச்சம் குறைவு, அதனால் 25 மி.மீ. லென்ஸ் உள்ள குட்டி பைனாகுலர் வேண்டாம்.

தூரத்தில் ஒரு கடைப் பலகையைப் பாருங்கள். வலது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி எழுத்து தெளிவாகும்வரை சரிசெய்யுங்கள். அப்புறம் இடது கண்ணை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலது கண் பக்கம் உள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். பெரும்பாலான பைனாகுலர்களில் இந்த வளையம் வலப் பக்கம்தான் இருக்கும். அது நின்ற இடத்தை நினைவில் வையுங்கள். இனி நடுச் சக்கரம் மட்டும் போதும். பறவையைக் கண்டதும் பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்கு உயர்த்துங்கள். குனிந்தால் கிளையைத் தொலைத்துவிடுவீர்கள்.

2. இடமும் நேரமும்

வெளியூர் வண்டி என்றால் இ-பாஸ் எடுத்துவிடுங்கள். 2024 மே முதல் கட்டாயம். பேரிஜம் ஏரிக்குப் போக வனத்துறை அனுமதி வேண்டும். அதை வாங்கி கேட்டைத் தாண்டுவதற்குள் காலையின் நல்ல நேரம் போய்விடும். சரணாலயத்துக்குள் போனால்தான் பறவை என்பதும் இல்லை. விடிந்தவுடன் வட்டக்கானல் சாலையோரச் சோலையில் நில்லுங்கள். பைன், யூகலிப்டஸ் தோட்டங்களில் நேரத்தைச் செலவிட வேண்டாம். வழியில் காட்டுமாடு நின்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

3. அரை மணி நேரம் நகராதீர்கள்

முதலில் ஒன்றும் தெரியாது. திடீரென்று ஒரு கலப்புக் கூட்டம் வரும்: வெள்ளைக்கண்ணிகள், பட்டாணிக்குருவி, மரத்தண்டில் தலைகீழாக இறங்கும் நீலநிறச் சிறு பறவை. எல்லாவற்றையும் துரத்தாமல் ஒன்றை மட்டும் பாருங்கள்.

கீழே, புதர் மட்டத்தையும் கவனியுங்கள். கறுப்புத் தலை, கறுப்பு இறக்கை, மற்றதெல்லாம் ஆரஞ்சு என்று ஒரு ஈப்பிடிப்பான் தாழ்ந்த குச்சியில் உட்காரும். ஓடையோர ஈரத் தரையில் கருநீல உடலும் வெள்ளை வயிறுமாகத் தத்திப் போவது சோலைக்கிளி; பெயரில்தான் கிளி. பலர் கூடிச் சிரிப்பதுபோல் கேட்டால் அது பழனிச் சிரிப்பான். நெஞ்சு சாம்பல், வயிறு செம்பழுப்பு, கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு. நெஞ்சும் செம்பழுப்பாக உள்ள நீலகிரிச் சிரிப்பான் பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே மட்டும் வாழும் வேறொரு இனம். இங்கே பார்த்ததாக அதை எழுதிவிடாதீர்கள்.

4. ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்

இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டால் ஆண் பறவை, தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டது என்று நினைத்து ஓடிவரும். இரை தேடும் நேரம் போகும். கூடு காவலின்றிக் கிடக்கும். உங்களுக்குப் பின்னால் வருகிற அடுத்த குழுவும் அதையே செய்யும். அந்தப் படம் உங்களுக்கு வேண்டாம். கூட்டைக் கண்டால் படம் எடுக்காமல் விலகுங்கள். இடத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

5. குறித்துக்கொள்ளுங்கள்

மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். காட்டில் சிக்னல் இருக்காது, அதனால் பறவைத் தொகுப்பை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். செயலி சொல்லும் பெயரை ஒரு யோசனையாக எடுத்துக்கொண்டு பறவையைத் தேடுங்கள். கண்ணாலோ காதாலோ உறுதியானதை மட்டும் எழுதுங்கள். தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம், எத்தனை பறவை, எல்லாம் வேண்டும். காக்கையையும் மைனாவையும் விடாதீர்கள். அரிய பறவை மட்டும் உள்ள பட்டியலை வைத்து எது குறைகிறது, எது பெருகுகிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பட்டியலை இ-பேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றுங்கள். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். உங்கள் வீட்டு மொட்டைமாடியில் 15 நிமிடம் நின்று எடுத்த பட்டியலையும் அதில் சேர்த்துக்கொள்வார்கள்.