மைனர் லீக் நம்பர வச்சு ஆள் எடுக்கறப்ப பண்ணக்கூடாத தப்புகள்

ஒவ்வொரு மார்ச் மாசமும் எங்க ஃபேன்டஸி பேஸ்பால் லீக்குக்கு (நிஜ ஆட்டக்காரங்கள எடுத்து, அவங்க அடிக்கற நம்பர வச்சு நாங்க போட்டி போடற விளையாட்டு) ரெண்டு மூணு புது ஆளுங்க வருவாங்க. நியூ ஜெர்சில எடிசன், பிஸ்காட்டவே பக்கம் வேலைக்கு வந்த நம்ம பசங்கதான். சின்ன வயசுலேர்ந்து கிரிக்கெட் ஸ்கோர்கார்டு படிச்சே வளந்தவங்க, அதனால பேஸ்பால் நம்பரும் சீக்கிரம் புடிபட்டுடும். எங்க லீக்ல ஒருத்தர எடுத்தா வருஷக்கணக்கா கையிலயே வச்சுக்கலாம், மேஜர் லீக்குக்கு இன்னும் வராம கீழ மைனர் லீக்ல ஆடற பையன்களயும் எடுக்கலாம். அங்கதான் எல்லாரும் வழுக்கறாங்க. இந்த வருஷமும் ஒரு தம்பி ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பிட்டு "அண்ணா, இவன் ட்ரிபிள்-ஏல .340 அடிக்கறான், யாருமே எடுக்கல, நான் தூக்கிடட்டுமா"ன்னு கேட்டான். (ட்ரிபிள்-ஏங்கறது மைனர் லீக்ல மேல் படி, டபுள்-ஏ அதுக்கு ஒரு படி கீழ; .340ன்னா ஆயிரம் பேட்டுக்கு 340 ஹிட்.) 2013ல நானும் இதே மாதிரி ஒரு நம்பரப் பாத்து ஏமாந்தேன், அதான் எழுதறேன்.

ஸ்பெல்லிங் பாத்து எடுங்க, காயம் பட்டவன எடுக்காதீங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சத இங்க சொல்லப் போறதில்ல. நம்பர் கண்ணு முன்னாடி இருந்தும் தப்பா படிக்கறோமே, அத மட்டும் சொல்றேன்.

"மைனர் லீக் நம்பரெல்லாம் வேஸ்ட்"னு ஒதுக்கறது

ஒரு தடவ அடி வாங்கினவங்க அடுத்த வருஷம் இந்தப் பக்கம் சாஞ்சிடுவாங்க. இதுவும் தப்புதான். பேஸ்பால் நம்பர ஆராயற எழுத்தாளர் பில் ஜேம்ஸ் 1985லயே ஒரு கணக்கு போட்டு காட்டினார், மைனர் லீக்ல ஒருத்தன் அடிச்ச நம்பர, லீக், கிரவுண்டு எல்லாத்துக்கும் ஏத்த மாதிரி குறைச்சுப் போட்டா மேஜர் லீக் நம்பர் அளவுக்கே அதையும் நம்பலாம்னு. குறைச்சுப் போட்டா, அதான் முக்கியம். இன்னிக்கு ப்ரொஜெக்‌ஷன் போடற சிஸ்டம் எல்லாத்துக்கும் அடியில இந்த யோசனைதான் ஓடுது.

வேட் பாக்ஸ எடுத்துக்கங்க. 1981ல பாட்டக்கெட்ங்கற ட்ரிபிள்-ஏ டீமுக்கு .335 அடிச்சு இன்டர்நேஷனல் லீக் பேட்டிங் டைட்டில் வாங்கினார். பவர் இல்ல, ஓட்டம் இல்லன்னு சொல்லிட்டு இருந்தாங்க. 1982ல மேல வந்தார், .349. கடைசில 3,010 ஹிட்டோட ஹால் ஆஃப் ஃபேம். அந்த நம்பர் பொய் சொல்லல, படிக்கறவங்கதான் படிக்கல.

கிரவுண்டு எங்க இருக்குன்னு பாக்காம விடறது

அல்புகெர்க்கி 5,000 அடிக்கு மேல இருக்கற ஊரு, ரீனோ 4,500 அடி கிட்ட. காத்து லேசா இருக்கும், அதனால பந்து தூரமா போகும், அதோட பிட்ச்சர் போடற கர்வ் பந்து வளைய வேண்டிய அளவுக்கு வளையாது. பேட்டருக்கு ரெண்டு பக்கமும் லாபம். இந்த ஊர் டீமெல்லாம் ட்ரிபிள்-ஏல மேற்குப் பக்க லீக்கான பசிஃபிக் கோஸ்ட் லீக்ல இருக்கு. அந்த லீக்ல .300 அடிக்கறதும் கிழக்க இன்டர்நேஷனல் லீக்ல .300 அடிக்கறதும் ஒண்ணு இல்ல. அந்தத் தம்பி அனுப்பின .340 பையனும் ரீனோலதான் ஆடறான்.

பழைய கத எடுத்தாலும் இதே சமாச்சாரம்தான். ஜோ பாமன் 1954ல நியூ மெக்சிகோவுல ராஸ்வெல் டீமுக்கு ஒரே சீசன்ல 72 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸ் மாதிரி வேலி தாண்டற அடி) அடிச்சார், ஆவரேஜ் .400, மேஜர் லீக்ல ஒரு மேட்ச் கூட ஆடல. ஜோயி மேயர் 1987ல டென்வர்ல அடிச்ச ஒரு ஹோம் ரன்ன 582 அடின்னு அளந்தாங்க, மேஜர் லீக்ல அவர் மொத்தமா அடிச்சது 18. கலிஃபோர்னியா லீக்ல லான்காஸ்டர்னு ஒரு டீம் இருந்துச்சு, பாலைவன ஊரு, சாயந்தரம் ஆனா காத்து வெளிய பாத்து அடிக்கும், சும்மா தூக்கி விட்ட பந்து கூட வேலி தாண்டிடும்.

இதுக்கு மறுபக்கமும் இருக்கு, அத நிறைய பேர் யோசிக்கறதே இல்ல. 1990ல பாஸ்டனோட டபுள்-ஏ டீமான நியூ பிரிட்டன்ல ஜெஃப் பேக்வெல்னு ஒரு பையன் .333 அடிச்சான், ஆனா ஹோம் ரன் வெறும் 4. பேட்டருக்கு ரொம்ப கஷ்டமான கிரவுண்டு அது. ஸ்ட்ரைக் அவுட்ட (மூணு ஸ்ட்ரைக் ஆகி அவுட் ஆகறது) விட வாக் (பிட்ச்சர் நாலு பந்த தப்பா போட்டா இலவசமா ஃபர்ஸ்ட் பேஸ் போறது) அதிகம் எடுத்திருந்தான், டபுள்ஸ் (ரெண்டு பேஸ் ஓடற ஹிட்) நிறைய. பாஸ்டன் அந்த வருஷ ஆகஸ்ட் கடைசில லாரி ஆண்டர்சன்ங்கற ரிலீஃப் பிட்ச்சருக்காக அவன ஹூஸ்டனுக்கு குடுத்துட்டாங்க. ஆண்டர்சன் பாஸ்டனுக்கு போட்டது 22 இன்னிங்ஸ். பேக்வெல் அடுத்த வருஷமே ரூக்கி ஆஃப் தி இயர் (சிறந்த புதுமுகம்), மொத்தம் 449 ஹோம் ரன், 2017ல ஹால் ஆஃப் ஃபேம். கிரவுண்டுக்கு கழிக்கத் தெரிஞ்சா போதாது, கூட்டவும் தெரியணும்.

வயசப் பாக்காம விடறது

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன். இத நினைச்சா இன்னிக்கும் எனக்கு எரிச்சலா வருது.

2013 கோடை, அப்பல்லாம் ட்ரென்டன்லதான் யாங்கீஸோட டபுள்-ஏ டீம் இருந்துச்சு. டெலவேர் ஆத்தங்கரையில கிரவுண்டு, வெள்ளிக்கிழம வேல முடிச்சிட்டு நேரா போயிடுவேன். ஒரு நாள் வெளியூர் டீம்ல ஒரு ஃபர்ஸ்ட் பேஸ்மேன், ஒரே மேட்ச்ல ரெண்டு ஹோம் ரன், ரெண்டாவது ஆத்துப் பக்கம் போச்சு. வீட்டுக்கு வந்து நம்பரப் பாத்தா .320க்கு மேல, ஹோம் ரன் 20 தாண்டியாச்சு. ராத்திரியோட ராத்திரியா லீக்ல பேசி, என்கிட்ட இருந்த ஒரு நல்ல பிட்ச்சர, மேஜர் லீக்ல வருஷம் 200 இன்னிங்ஸ் தப்பாம போடறவர, குடுத்துட்டு இந்தப் பையன வாங்கினேன். மறுநாள் எங்க லீக்ல இருக்கற மதுரைக்கார அண்ணன் ஃபோன் பண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டார், "ஏம்ப்பா, அவனுக்கு வயசு என்னன்னு பாத்தியா?"

பாக்கல. 26 முடிஞ்சு 27 ஓடிட்டு இருந்துச்சு.

டபுள்-ஏல ஆடறவங்க சராசரியா 23, 24 வயசு. அங்க ஒரு 26 வயசுக்காரன் ஆடறான்னா காலேஜ் முடிச்சு அஞ்சு வருஷம் ஆச்சு, இதே லெவல்ல ரெண்டாவது மூணாவது வருஷம், எதிர்ல போடற பிட்ச்சர்ல பாதிப் பேர மனப்பாடம் பண்ணி வச்சிருப்பான். எதிர்ல நிக்கற பிட்ச்சரோ 21 வயசுப் பையன், 96 மைல் வேகம் இருக்கும், ஆனா கர்வ் பந்த ஸ்ட்ரைக்கா போட இப்பதான் கத்துக்கறான். அதோட இன்னொரு விஷயம், மைனர் லீக்ல பிட்ச்சருக்கு ஜெயிக்கறது முதல் வேல கிடையாது. இன்னிக்கு இத்தன சேஞ்ச்-அப் (வேகம் கம்மியான ஏமாத்துப் பந்து) போடுன்னு டீம் சொல்லி அனுப்பியிருக்கும், அது சரியா வரலன்னாலும் போட்டுட்டே இருப்பான். அந்த ரெண்டாவது ஹோம் ரன்ன இப்ப நினைச்சுப் பாத்தா எனக்கு நல்லா தெரியுது, அந்தப் பிட்ச்சர் தொடர்ந்து மூணு சேஞ்ச்-அப் போட்டான், ஒண்ணு தரையில குத்துச்சு, ஒண்ணு வெளிய போச்சு, மூணாவது இடுப்பு உயரத்துல நடுவுல தொங்குச்சு. 26 வயசுக்காரன் அதுக்காகவே காத்துட்டு நின்னான். மேஜர் லீக்ல அந்த இடத்துல அந்தப் பந்து அவனுக்கு வரவே வராது.

அவன் கடைசில 28 வயசுல மேல போனான், கொஞ்ச நாள் இருந்தான், ஸ்லைடர் பந்து அவன முடிச்சிடுச்சு, திரும்ப அனுப்பிட்டாங்க. நான் குடுத்த பிட்ச்சர் இன்னும் மூணு வருஷம் யாரோ ஒருத்தருக்கு ஜெயிச்சுக் குடுத்தார்.

எனக்கு எரிச்சல் பையன் மேல இல்ல. வயசு அந்தப் பக்கத்துலயே இருந்துச்சு. பேஸ்பால் ரெஃபரன்ஸ்ல மைனர் லீக் பக்கத்த திறந்தா வருஷத்துக்கு அடுத்த கட்டத்துல வயசு, அதுக்கு அடுத்த கட்டத்துல அந்த லீக் சராசரியவிட எவ்வளவு கூட, எவ்வளவு கம்மின்னு ஒரு சின்ன நம்பர். மைனஸ்ல இருந்தா தன்ன விட பெரியவங்களோட ஆடறான்னு அர்த்தம், ப்ளஸ்ல இருந்தா சின்னப் பசங்கள அடிச்சிட்டு இருக்கான்னு அர்த்தம். ஆவரேஜப் பாக்கறதுக்கு முன்னாடி இத பாருங்க. இடப்பக்கம்தான் இருக்கு, கண்ணு தாண்டிப் போயிடுது, ஏன்னா எல்லாரோட கண்ணும் வலப்பக்கம் ஹோம் ரன் கட்டத்துக்கு ஓடுது.

ட்ரென்டன் டீம் ஆடின அதே டபுள்-ஏ ஈஸ்டர்ன் லீக்ல 2018ல விளாதிமிர் குரேரோ ஜூனியர் ஆடினான், நியூ ஹேம்ப்ஷயர் டீமுக்கு. 61 மேட்ச், .402. வயசு 19. அந்த லீக்ல பாதிப் பேர் அவன விட நாலு அஞ்சு வயசு மூத்தவங்க. 2021ல டொரான்டோவுக்கு 48 ஹோம் ரன் அடிச்சான். நான் வாங்கினவனும் அவனும் ஒரே லெவல்லதான் அடிச்சாங்க, ஆனா ஒரு நம்பர் ஒரு பையன் எவ்வளவு தூரம் போவான்னு சொல்லுது, இன்னொண்ணு ஒரு ஆள் எங்க வந்து நின்னுட்டான்னு சொல்லுது.

மைக் ஹெஸ்மன் பேர கேள்விப்பட்டிருக்கீங்களா? அமெரிக்க மைனர் லீக் சரித்திரத்துலயே அதிக ஹோம் ரன், 433. 2015ல பழைய ரெக்கார்ட தாண்டினப்ப அவருக்கு வயசு 37. 2007ல 29 வயசுல இன்டர்நேஷனல் லீக் எம்.வி.பி (சீசனோட சிறந்த ஆட்டக்காரர்) வாங்கினார். மேஜர் லீக்ல 109 மேட்ச், .188, 14 ஹோம் ரன். அவர் மேல எனக்கு பெரிய மரியாத உண்டு, அத்தன வருஷம் பஸ்ஸுல ஊர் ஊரா போயி ஆடறது லேசுப்பட்ட காரியம் இல்ல. ஆனா 29 வயசுல ட்ரிபிள்-ஏல வாங்கின எம்.வி.பிய வச்சு யாரயும் எடுக்காதீங்க.

விதிவிலக்கு இருக்கு, காயத்துல வருஷம் போனவன், லேட்டா பேஸ்பாலுக்கு வந்தவன், ஸ்விங்க மாத்தினவன். அப்படி ஒரு காரணம் இருந்தா தேடிப் படிங்க. காரணம் இல்லாம 26 வயசுல டபுள்-ஏன்னா நகந்துடுங்க.

ஹோம் ரன்னப் பாத்துட்டு ஸ்ட்ரைக் அவுட்ட மறக்கறது

வயசு சரியா இருந்தும் ஏமாந்த கதைக்கு பிராண்டன் வுட். 2005ல 20 வயசு, ஷார்ட்ஸ்டாப், கலிஃபோர்னியா லீக்ல ரான்ச்சோ குக்கமோங்காவுக்கு 43 ஹோம் ரன். எல்லா லிஸ்ட்லயும் டாப்ல இருந்தான். அடுத்த வருஷம் டபுள்-ஏல 149 ஸ்ட்ரைக் அவுட், அத யாரும் பெருசா எடுத்துக்கல. அப்புறம் சால்ட் லேக்ல, அதுவும் உயரமான ஊரு, திரும்பவும் அடிச்சான். மேஜர் லீக்ல மொத்தமா .186, 18 ஹோம் ரன்.

ஸ்ட்ரைக் அவுட் மேல போகப் போக ஏறும், கிட்டத்தட்ட எல்லாருக்கும். கீழ 100 தடவ போனா 28 தடவ பந்த தொடாம வர்றவனுக்கு மேல ஏற இடமே இல்ல. வாக் எவ்வளவுன்னு பக்கத்துலயே பாருங்க. ரெண்டும் சேந்து மோசமா இருந்தா, ஹோம் ரன் எவ்வளவு இருந்தாலும் நான் தொட மாட்டேன். பேக்வெல்லோட அந்த 4 ஹோம் ரன் சீசன்ல இதே ரெண்டு கட்டம்தான் உண்மைய சொல்லிட்டு இருந்துச்சு.

பிட்ச்சருக்கு ஈ.ஆர்.ஏ மட்டும் பாக்கறது

பேட்ல பட்டு கிரவுண்டுக்குள்ள போன பந்து ஹிட் ஆகறதும் அவுட் ஆகறதும் பெரும்பாலும் பிட்ச்சர் கையில இல்லன்னு 2001ல வோரோஸ் மெக்ராக்கன்ங்கற ஆராய்ச்சியாளர் காட்டினார். மைனர் லீக்ல ஃபீல்டிங் இன்னும் மோசம், கிரவுண்டும் அப்படித்தான், அதனால ஈ.ஆர்.ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்ச்சர் விட்ட ரன் சராசரி) இன்னும் ஆடும். ஸ்ட்ரைக் அவுட், வாக் ரெண்டயும் சேத்துப் பாருங்க. ஒண்ண மட்டும் பாத்தா ஸ்டீவ் டால்கௌஸ்கிய எடுத்துடுவீங்க, 1960ல ஸ்டாக்டன்ல 170 இன்னிங்ஸ்ல 262 ஸ்ட்ரைக் அவுட், வாக்கும் அதே 262. மேஜர் லீக்ல ஒரு பந்து கூட போடல.

2018 நம்பரயும் 2019 நம்பரயும் பக்கத்துல வைக்கறது

2019ல ட்ரிபிள்-ஏல மேஜர் லீக் பந்த கொண்டு வந்தாங்க. ஒரே வருஷத்துல ஹோம் ரன் பாதிக்கு மேல ஏறிடுச்சு. பேட்டர் யாரும் ராத்திரியோட ராத்திரியா பலசாலி ஆகல. அதே மாதிரி 2023லேர்ந்து ட்ரிபிள்-ஏ முழுக்க பந்து ஸ்ட்ரைக்கா இல்லயான்னு மெஷின் வச்சு பாக்க ஆரம்பிச்சாங்க, அதுல வாக் கணக்கு மாறும். அந்த வருஷம் அந்த லீக் மொத்தமும் எப்படி அடிச்சுச்சுன்னு பாத்துட்டு அப்புறம் பையனப் பாருங்க.

35 மேட்ச வச்சு முடிவு பண்றது

வில்லி மேஸ் 1951ல ட்ரிபிள்-ஏல மினியாபோலிஸுக்கு 35 மேட்ச்ல .477. மேல வந்ததும் 26 பேட்டுக்கு ஒரே ஹிட். அந்த வருஷம் ரூக்கி ஆஃப் தி இயரும் அவர்தான். மைக் ட்ரௌட் 2011ல மேஜர் லீக்ல முதல் 40 மேட்ச்ல .220, அத பாத்துட்டு அவன விட்டவங்க எங்க லீக்லயே ரெண்டு பேர் இருக்காங்க.

அரிசோனா ஃபால் லீக்

பாக்கவே பாக்காதீங்க. சீசன் முடிஞ்ச அப்புறம் நடக்கறது, வறண்ட காத்து, நல்ல பிட்ச்சர்கள டீம் அங்க அனுப்பாம ரெஸ்ட் குடுத்துடும். 2005ல வுட் அங்க 14 ஹோம் ரன் அடிச்சான்.