தனியார் நில உடைமை நியாயமா என்பதை ஆராயும் முறை

நிலத்தைத் தனியொருவர் சொந்தமாக வைத்திருப்பது நியாயமா என்ற கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை தேடுபவர்கள், கேள்வியைப் பிரித்துப் பார்க்காமலே தீர்ப்புக்குத் தாவிவிடுகிறார்கள். ஆகவே முதல் வேலை, உடைமை என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இருக்கும் உரிமைகளைத் தனித்தனியே எழுதிக்கொள்வதுதான். நிலத்தில் குடியிருப்பது அல்லது பயிரிடுவது, பிறரை உள்ளே வரவிடாமல் தடுப்பது, குத்தகைக்கு விடுவது, விற்பது, வாரிசுக்கு விட்டுச் செல்வது, விலை ஏறினால் அந்த ஏற்றம் முழுவதையும் தானே எடுத்துக்கொள்வது ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி நியாயம் வேண்டும். முதல் உரிமையை நிறுவிவிட்டதனால் கடைசி உரிமையும் நிறுவப்பட்டுவிட்டதாக எண்ணுவதே இந்த விவாதத்தில் அடிக்கடி நேரும் பிழை.

அடுத்து, அந்த உரிமை எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் பாருங்கள். இன்றைய உரிமையாளர் முந்தையவரிடம் வாங்கினார், அவர் அவருக்கு முந்தையவரிடம் வாங்கினார் என்று தாய்ப்பத்திரங்களைத் தொடர்ந்து போனால், விற்றவர் எவரும் இல்லாத ஓர் இடத்தில் போய் நிற்போம். அங்கே உரிமை பிறந்தது எப்படி? பொதுவாகக் கிடந்த நிலத்தில் ஒருவர் தம் உழைப்பைக் கலந்ததால் அது அவருடையதாயிற்று என்று 1689இல் ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக் விடை சொன்னார். ஆனால் பிறருக்கும் போதுமான அளவில் அதே தரத்தில் நிலம் எஞ்சியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அவரே வைத்தார். லாக்கை மேற்கோள் காட்டுபவர்களில் பலர் இந்த நிபந்தனையைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். தனியுடைமையை ஆதரித்த அமெரிக்கத் தத்துவஞானி ராபர்ட் நோசிக்கே 1974இல் வேறொரு சந்தேகத்தை எழுப்பினார்: என் தக்காளிச் சாற்றைக் கடலில் ஊற்றிக் கலந்தால் கடல் எனக்குச் சொந்தமாகுமா, அல்லது சாற்றைத்தான் இழந்தேனா?

நடைமுறையில் இப்படிக் கைமாறி வந்த பல உரிமைச் சங்கிலிகளின் முதல் கண்ணி உழைப்பாக இல்லாமல் பறிப்பாகவே இருக்கிறது. ஐரோப்பியர் வந்தபோது ஆஸ்திரேலியா எவருக்கும் சொந்தமில்லாத நிலமாக இருந்தது என்ற கோட்பாட்டை அந்நாட்டு உயர் நீதிமன்றம் பூர்வகுடியினர் தொடுத்த மாபோ வழக்கில் 1992இல் நிராகரித்தது. இருப்பினும், நெடுங்கால அனுபவமும், அதாவது நிலத்தை நீண்ட காலம் கையில் வைத்துப் பயன்படுத்தி வருவதும், ஓர் உரிமையே என்ற ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூமின் கருத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. எல்லா உரிமைகளையும் ஆதிவரை தோண்டினால் எவரும் நிம்மதியாக ஓர் இடத்தில் இருக்க முடியாது.

பிறகு பயனை எடைபோடுங்கள். அடுத்த ஆண்டு வெளியேற்றப்படலாம் என்று அஞ்சுபவர் மரம் நடமாட்டார், கிணறு வெட்டமாட்டார் என்பது தனியுடைமைக்குச் சாதகமான வலுவான வாதம். ஆனால் அது நிலைத்த அனுபவத்துக்கான வாதமே. நீண்டகாலக் குத்தகையும் அந்தப் பாதுகாப்பைத் தரக்கூடும். பொது நிலம் பாழாகியே தீரும் என்ற முடிவுக்கும் அவசரப்பட வேண்டாம். தங்களுக்குள் விதி வகுத்துப் பொதுவளங்களை நெடுங்காலம் காத்த சமூகங்களை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் எலினார் ஆஸ்ட்ரோம் 2009இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

என் பார்வையில் அதிகக் கவனம் கேட்பது விலை ஏற்றத்தைப் பற்றிய உரிமைதான். முள் மண்டிய ஒரு தரிசு மனையை நினைத்துக்கொள்ளுங்கள். அருகே ரயில் நிலையம் வருகிறது. மண்வெட்டி படாத அந்த மனையின் விலை பல மடங்காகிறது. அந்த மதிப்பை உருவாக்கியது சுற்றியுள்ள சமூகம். ஆகவே கட்டடத்தை விட்டுவிட்டு மனையின் மதிப்புக்கு மட்டும் வரி விதிக்க வேண்டும் என்று அமெரிக்கப் பொருளியல் சிந்தனையாளர் ஹென்றி ஜார்ஜ் 1879இல் வாதிட்டார். அவருக்கு முன்பே, 1797இல், நிலம் வைத்திருப்பவர்கள் சமூகத்துக்கு வாடகை கடன்பட்டவர்கள் என்று கூறிய அரசியல் எழுத்தாளர் தாமஸ் பெயின், 21 வயதாகும் ஒவ்வொருவருக்கும் 15 பவுண்டு கொடுக்கும்படி முன்மொழிந்தார்.

இதற்கான வலுவான மறுப்பு, வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி உயர்ந்த விலைக்கே மனை வாங்கியவரிடமிருந்து வருகிறது: முன்னவர் பெற்ற ஆதாயத்துக்கு இவர் ஏன் இழப்பைச் சுமக்க வேண்டும்? இன்றைய மதிப்பைத் தொடாமல் இனி வரும் ஏற்றத்துக்கு மட்டும் வரி விதிக்கலாம் என்று ஆங்கிலப் பொருளியல் அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் சொன்ன வழி இந்த மறுப்புக்கு ஓரளவு ஈடுகொடுக்கிறது.

கடைசியாக, நீங்கள் எட்டிய முடிவை ஒவ்வோர் உரிமைக்கும் எதிரே ஒரு வரியில் எழுதுங்கள். கடன் வாங்கி மனை வாங்கியவர், நிலம் பறிக்கப்பட்டவரின் பேரன், எல்லா நிலமும் பங்கிடப்பட்ட பிறகு பிறந்தவர் ஆகிய மூவரிடமும் அவ்வரியை நேருக்கு நேர் படித்துக்காட்ட முடியுமா என்று பாருங்கள். யாரிடம் குரல் தயங்குகிறதோ, அவருக்குரிய வரியைத்தான் திருத்தி எழுத வேண்டும்.