நீட் முடிவுக்குப் பிறகு அலாட்மென்ட் வரும்வரை: காத்திருக்கும் மாதங்களில் செய்ய வேண்டியவை

நீட் முடிவு வந்த நாளுக்கும் மருத்துவக் கல்லூரியில் சேரும் நாளுக்கும் நடுவே தமிழ்நாட்டு மாணவர்கள் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். 2024-இல் முதல் முடிவு ஜூன் 4 அன்று வந்தது. உச்ச நீதிமன்ற வழக்குக்குப் பின் திருத்திய முடிவு ஜூலை 26-இல் வந்தது. அகில இந்தியக் கலந்தாய்வு தொடங்கும்போது ஆகஸ்ட் பாதி ஆகிவிட்டது. காத்திருப்பதால் மதிப்பெண்ணில் ஒரு புள்ளிகூட மாறப்போவதில்லை. ஆனால் கைக்கு வர வேண்டிய இடம் கைநழுவுவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். ஒரு சான்றிதழ் வரத் தாமதமாகும், விரும்பும் கல்லூரிகளை வரிசையாகப் பதிந்த விருப்பப் பட்டியலை லாக் செய்து உறுதிப்படுத்த மறந்துபோகும், சேர வேண்டிய கடைசி நாள் தெரியாமல் கடந்துபோகும். இந்தக் கையேடு அவற்றைப் பற்றியது.

ஏன் இவ்வளவு இழுக்கிறது

அரசு மருத்துவக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. டெல்லியில் உள்ள எம்சிசி (மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழு) இதை நடத்துகிறது. எய்ம்ஸ், ஜிப்மர், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் இடங்களும் அதன் கையில்தான். மீதி 85 சதவீதத்தையும், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களையும், நிர்வாக ஒதுக்கீட்டையும் சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள, மாநில அரசின் மருத்துவச் சேர்க்கைக்கான தேர்வுக் குழு நிரப்புகிறது.

இரண்டு கலந்தாய்வும் ஒன்றன்பின் ஒன்றாக, மாறி மாறி நடக்கும். எம்சிசி முதல் சுற்றில் ஜிப்மர் கிடைத்தவர் தமிழ்நாட்டுப் பட்டியலிலிருந்து விலகுவார். அவர் விட்ட இடத்துக்கு அடுத்தவர் நகர்வார், அவர் இடத்துக்கு இன்னொருவர். மேலே ஒருவர் அசைந்தால் கீழே பத்துப் பேருக்குக் கல்லூரி மாறும். ஆகவே டெல்லியில் ஒரு தேதி தள்ளினால் சென்னையிலும் தள்ளும். 2025-இல் எம்சிசி முதல் சுற்றின் தேதிகளே திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டன. தேதி தள்ளிப்போவதால் உங்கள் வாய்ப்பு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அதற்குக் காரணம் தேடி இரவெல்லாம் வீடியோ பார்க்க வேண்டாம்.

எந்தச் செய்தியை நம்புவது

எம்சிசி, தேர்வுக் குழு ஆகிய இரண்டின் அதிகாரப்பூர்வத் தளங்களில் வரும் அறிவிப்பு மட்டுமே செய்தி. வாட்ஸ்அப் குழுவில் வரும் பிடிஎஃப் பழைய ஆண்டினுடையதாகக்கூட இருக்கும். தேதியையும் ஆண்டையும் முதலில் பாருங்கள். அறிவிப்புகள் இரவு வெகுநேரம் கழித்தும் வருவதால், காலை எழுந்ததும் ஒருமுறை, இரவு படுக்கும் முன் ஒருமுறை தளத்தைப் பார்த்தால் போதும். விருப்பப் பதிவு நடக்கும் நாட்களிலும் முடிவு வரும் நாளிலும் மட்டும் கூடுதலாகப் பாருங்கள். இந்த வேலையை வீட்டில் ஒருவர் எடுத்துக்கொள்ளட்டும். நான்கு பேர் பார்த்தால் நான்கு பேரும் இன்னொருவர் பார்த்திருப்பார் என்று இருந்துவிடுவார்கள்.

நீட் விண்ணப்பத்தில் கொடுத்த கைபேசி எண் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம் துண்டிக்கப்பட்டால் ஓடிபி வராது. மின்னஞ்சல் கடவுச்சொல்லைப் பிரௌசிங் சென்டர்காரர் உருவாக்கியிருந்தால் இன்றே மாற்றுங்கள். உள்நுழைவு விவரத்தையும் ஓடிபியையும் யாருக்கும் தரக் கூடாது, தெரிந்தவருக்கும் கூடாது. அவை கையில் இருந்தால் உங்கள் விருப்பப் பட்டியலையே மாற்றிவிட முடியும்.

எம்சிசி முதலில் தற்காலிக முடிவை வெளியிட்டு, குறை சொல்லச் சில மணி நேரம் கொடுத்து, பிறகுதான் இறுதி முடிவைத் தரும். தற்காலிக முடிவைப் பார்த்து ரயில் டிக்கெட் எடுக்காதீர்கள். இறுதி முடிவு வந்து ஒதுக்கீட்டுக் கடிதம் பதிவிறக்கமான பிறகே அந்த இடம் உங்களுடையது.

"பணம் கட்டினால் சீட் உறுதி" என்று அழைப்பு வரும். நிர்வாக ஒதுக்கீடும் என்ஆர்ஐ இடமும்கூடக் கலந்தாய்வு வழியாகத்தான் நிரப்பப்படுகின்றன. கலந்தாய்வுக்கு வெளியே எம்பிபிஎஸ் இடம் விற்கிறேன் என்பவர் விற்பது இல்லாத ஒன்றை.

மதிப்பெண்ணைப் பார்க்காமல் ரேங்க்கைப் பாருங்கள்

காத்திருக்கும் வீடுகளில் அதிக வேதனை தருவது "போன வருஷ கட்-ஆஃப்" பேச்சு. 2024-இல் திருத்திய முடிவின்படி 17 பேர் 720-க்கு 720 வாங்கினார்கள். 2025-இல் வினாத்தாள் கடினம், நாட்டின் முதல் மதிப்பெண்ணே 686. பொதுப்பிரிவுத் தகுதி மதிப்பெண் 162-இலிருந்து 144-க்கு இறங்கியது. 2024 மதிப்பெண்ணை வைத்து 2025-இல் நம்பிக்கை இழந்தவர்களில் பலருக்கு இடம் கிடைக்கும் தரவரிசை இருந்தது. ஓர் ஆண்டின் மதிப்பெண்ணை இன்னோர் ஆண்டோடு ஒப்பிடவே கூடாது. ஒப்பிடத் தகுந்தது ரேங்க் மட்டும்தான்.

அதிலும் எந்த ரேங்க் என்பது முக்கியம். நீட் மதிப்பெண் அட்டையில் இருப்பது அகில இந்திய ரேங்க். அது எம்சிசி கலந்தாய்வுக்கு உதவும். தமிழ்நாட்டு இடங்களுக்குத் தேர்வுக் குழு வெளியிடும் பட்டியலில் உள்ள பொதுத் தரவரிசையும் சமூகத் தரவரிசையும் வேண்டும். பட்டியல் வந்த உடனே பெயர், மதிப்பெண், சமூகம், சிறப்புப் பிரிவு நான்கும் சரியா என்று பாருங்கள். தவறு இருந்தால் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். சுற்று தொடங்கிய பிறகு திருத்துவது மிகக் கடினம்.

மாநிலப் பங்கீடு இது: பொது 31, பிசி 26.5, பிசி முஸ்லிம் 3.5, எம்பிசி மற்றும் சீர்மரபினர் 20, எஸ்சி 15, அருந்ததியர் 3, எஸ்டி 1 சதவீதம். பொது 31 என்பது எல்லாச் சமூகத்தினரும் மதிப்பெண் வரிசையில் போட்டியிடும் இடம். உங்கள் பிசி ரேங்க் 1,400 என்று வைத்துக்கொள்வோம். முன்னால் உள்ள 1,399 பேரும் பிசி இடங்களை எடுக்கப்போவதில்லை. மேலே உள்ள பெரும்பகுதியினர் பொது இடத்தில் போய்விடுவார்கள், சிலர் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போவார்கள். இதைக் கணக்கில் எடுக்காமல் "பிசி-க்கு இத்தனை இடம்தான், எனக்கு இல்லை" என்று முடிவு கட்டுவது எல்லோரும் செய்யும் பிழை.

தேர்வுக் குழு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒதுக்கீட்டுப் பட்டியலை வெளியிடுகிறது. சென்ற ஆண்டுப் பட்டியலை எடுத்து ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: கல்லூரி, முதல் சுற்றில் உங்கள் சமூகத்தில் கடைசியாக இடம் பெற்றவரின் ரேங்க், மூன்றாம் சுற்றில் அதே கணக்கு. முதல் சுற்றோடு நிறுத்திவிடாதீர்கள், எல்லை எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது மூன்றாம் சுற்றில்தான் தெரியும். மூன்று சுற்றுக்கும் பிறகு காலியாக உள்ள இடங்களுக்கு நடக்கும் கடைசிச் சுற்றான ஸ்ட்ரே சுற்றின் எண்களை ஒதுக்கிவிடுங்கள். அங்கே மிஞ்சும் இடங்கள் மிகச் சிலவே, அவற்றிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

இப்போதே வாங்க வேண்டிய தாள்கள்

கல்லூரியில் சேரக் கிடைப்பது சில நாட்கள்தான். அதற்குள் வாங்க முடியாதவற்றை இப்போதே வாங்கிவிடுங்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்ததற்கான போனஃபைட் சான்றிதழ் முதலாவது. மூன்று பள்ளி மாறியிருந்தால் மூன்று பள்ளியிலும் வாங்க வேண்டும். தேர்வுக் குழுவின் பிராஸ்பெக்டஸில் (விதிமுறைக் கையேட்டில்) தரப்பட்ட படிவத்தில் தலைமை ஆசிரியர் கையொப்பத்துடன் வாங்குங்கள், பள்ளியின் சொந்தப் படிவம் திரும்பி வரலாம். ஏழு ஆண்டையும் தமிழ்நாட்டில் படிக்காதவர்களுக்கு இருப்பிடச் சான்றும் பெற்றோர் ஆவணங்களும் வேண்டும்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கேட்பவர்கள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டத்தில் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கும் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. இது தெரியாமல் விண்ணப்பித்துக் கடைசியில் ஏமாறும் குடும்பங்கள் உண்டு.

பிசி, எம்பிசி மாணவர்கள் பெரும்பாலோர் கவனிக்காதது ஓபிசி சான்றிதழ். மாநிலச் சாதிச் சான்றிதழ் எம்சிசி-க்குப் போதாது. மத்திய அரசுப் படிவத்தில், வசதி படைத்த பிரிவினர் அல்ல என்று குறிப்பிட்ட சான்று வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்கட்டும். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சமூகங்களும் மத்தியப் பட்டியலில் இல்லை என்பதால் முதலில் அதைச் சரிபாருங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாலும் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று நகர நாள் ஆகும்.

பத்து, பன்னிரண்டு மதிப்பெண் பட்டியல், டிசி, நீட் அனுமதி அட்டை, மதிப்பெண் அட்டை, சாதிச் சான்று, ஆதார் ஆகியவற்றின் அசலும் மூன்று செட் நகலும் ஒரே கோப்பில் இருக்கட்டும். நீட் விண்ணப்பத்தில் ஒட்டிய அதே புகைப்படத்தில் எட்டுப் பிரதி எடுங்கள். பெயரில் இன்ஷியல் ஒரு சான்றில் முன்னும் ஒன்றில் பின்னும் இருப்பதும், பிறந்த தேதி ஒத்துப்போகாததும் சரிபார்ப்பு மேசையில் நிறுத்திவைக்கும். இப்போது ஒருமுறை எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

பணம்: எம்சிசி அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு 2025 நிலவரப்படி பொதுப்பிரிவினருக்குப் பதிவுக் கட்டணம் ரூ.1,000, வைப்புத் தொகை ரூ.10,000. ஓபிசி, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு ரூ.500, ரூ.5,000. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் ரூ.5,000, ரூ.2 லட்சம். வைப்புத் தொகை எந்தக் கணக்கிலிருந்து கட்டினீர்களோ அதே கணக்குக்குத்தான் திரும்பும். பிரௌசிங் சென்டர்காரர் அட்டையில் கட்டவே கட்டாதீர்கள்.

விருப்பப் பட்டியலும் அப்கிரேடும்

பட்டியலை உங்கள் ஆசையின் வரிசையில் எழுதுங்கள், கிடைக்கும் வாய்ப்பின் வரிசையில் எழுதாதீர்கள். கணினி உங்கள் முறை வரும்போது மேலிருந்து கீழாகப் பார்க்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியை முதலில் போட்டதால் மூன்றாவதாகப் போட்ட கல்லூரி கைவிட்டுப் போகாது. வாய்ப்பில்லை என்று எண்ணி நல்ல கல்லூரியைக் கீழே போட்டவர்கள், மேலே போட்ட கல்லூரியையே பெற்று வருந்துவார்கள். தொலைவிலுள்ள அரசுக் கல்லூரிகளையும் விடாமல் சேருங்கள். 2022-இல் தொடங்கிய விருதுநகர், நாமக்கல், நீலகிரி, அரியலூர் உள்ளிட்ட 11 கல்லூரிகளும் அரசுக் கட்டணத்தில் படிக்கக் கூடியவையே. தனியார் கல்லூரியை, படிப்பு முடியும்வரை கட்டணம் கட்ட முடியும் என்று பெற்றோர் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும்.

முடித்ததும் லாக் செய்து, அச்செடுத்து வையுங்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் தளம் திணறும். முந்தின நாளே முடித்துவிடுங்கள்.

அடுத்த சுற்றில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். கையில் இடம் வைத்துக்கொண்டு அப்கிரேடு (இன்னும் நல்ல கல்லூரிக்கு மாற்றம்) கேட்டவருக்குப் புதிய இடம் கிடைத்தால் பழையது தானாகவே ரத்தாகும். திரும்பக் கேட்டாலும் தர மாட்டார்கள். ஆகவே அப்கிரேடு பட்டியலில் இப்போதுள்ள கல்லூரியைவிட உறுதியாக மேல் என்று நினைப்பவை மட்டுமே இருக்க வேண்டும். "எதற்கும் இருக்கட்டும்" என்று சேர்த்த ஒரு பெயர், அரசுக் கல்லூரியிலிருந்து உங்களைத் தனியாருக்குத் தள்ளிவிடலாம்.

எம்சிசி-யில் முதல் சுற்று இடத்தை ஏற்காவிட்டால் இழப்பில்லை. இரண்டாம் சுற்றில் சேராவிட்டால் வைப்புத் தொகை போகும். மூன்றாம் சுற்றில் சேர்ந்த பிறகு விலக முடியாது. ஸ்ட்ரே சுற்றில் கிடைத்ததை மறுத்தால் வைப்புத் தொகையோடு தடையும் வரும். மாநில விதிகள் இதே போக்கில் இருந்தாலும் அபராதத் தொகை வேறு, அந்த ஆண்டு பிராஸ்பெக்டஸில் அந்தப் பக்கத்தை மட்டுமாவது முழுவதும் படியுங்கள்.

7.5 சதவீதப் பிரிவுக்கும் விளையாட்டு, முன்னாள் படைவீரர் வாரிசு, மாற்றுத்திறனாளி பிரிவுகளுக்கும் சென்னையில் நேரடியாக அழைப்பார்கள். சொன்ன நாளில், சொன்ன நேரத்தில், அசல் சான்றிதழோடு இருக்க வேண்டும். தென் மாவட்டத்திலிருந்து வருபவர்கள் முந்தின நாளே வந்துவிடுவது நல்லது.

நடுவில் வேறு படிப்பில் சேரலாமா

சேரலாம், சேர்வதே நல்லது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், செவிலியர் படிப்பு எல்லாவற்றின் தேதியும் மருத்துவக் கலந்தாய்வு முடியும்வரை நிற்காது. தடை அசல் சான்றிதழ்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அக்டோபர் அறிவிப்பின்படி, அதன் கீழ் வரும் கல்லூரிகள் அசலைச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது. மாணவர் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தரவும் விதி உண்டு. எவ்வளவு திரும்பும் என்பது விலகும் தேதியைப் பொறுத்தது. ஆகவே விலகல் கடிதத்தைத் தேதியோடு கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள். எதற்கும் டிசி-யைக் கொடுக்கும் முன் நான்கைந்து சான்றொப்பமிட்ட நகல் எடுத்து வையுங்கள்.

பிள்ளையைப் பற்றி

இந்த மாதங்களில் பிள்ளையிடம் ஒரு நாளைக்குப் பத்து முறை "என்ன ஆச்சு" என்று கேட்காதீர்கள். உறவினர் அழைத்தால் பெற்றோரே பதில் சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை எடுக்கவே வேண்டாம். தூக்கம் கெடுவது, சாப்பாட்டை ஒதுக்குவது, "நான் இருந்து என்ன பயன்" என்பது போன்ற பேச்சு, இவற்றில் எது தெரிந்தாலும் தள்ளிப்போடாமல் உதவி தேடுங்கள். தமிழ்நாட்டில் 104 எண்ணிலும், டெலி மானஸ் 14416 எண்ணிலும் எந்த நேரமும் தமிழில் பேசலாம். மாணவரே அழைக்கலாம், பெற்றோரும் அழைக்கலாம்.

கடைசிச் சுற்றிலும் வரவில்லை என்றால்

ஸ்ட்ரே சுற்று முடிந்ததும் வைப்புத் தொகை கணக்குக்கு வந்ததா என்று பாருங்கள், வராவிட்டால் பரிவர்த்தனை எண்ணோடு எழுதுங்கள். மறுமுறை நீட் எழுதுவதா என்பதை அந்த வாரமே முடிவு செய்ய வேண்டாம். ஆனால் சேர்ந்திருக்கும் படிப்பை விட்டுவிட்டு எழுதுவதா, தொடர்ந்துகொண்டே எழுதுவதா என்பதைக் கட்டணம் திரும்பும் கடைசித் தேதிக்குள் முடிவு செய்தாக வேண்டும். முடிவெடுக்கும்போது மதிப்பெண்ணை விட்டுவிட்டு, உங்கள் சமூக ரேங்க்குக்கும் மூன்றாம் சுற்றில் கடைசியாக அரசு இடம் பெற்றவரின் ரேங்க்குக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். சில நூறு என்றால் இன்னோர் ஆண்டு உழைப்பதில் பொருள் உண்டு. பல ஆயிரம் என்றால், எந்தப் பாடத்தில் எத்தனை கேள்வி தவறு, தவறான விடைகளால் எத்தனை மதிப்பெண் கழிந்தது என்று விடைத்தாளை வைத்துப் பார்த்த பிறகே பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டுங்கள்.