பிரிட்டனில் உலகளாவிய வளர்ச்சி முதுகலை: பணியிடப் பயிற்சியைக் கோட்டை விடாமல் பெறுவது எப்படி?

நம் ஊர்க் கல்லூரிகளில் ‘பிளேஸ்மென்ட்’ என்றால், இறுதியாண்டில் நிறுவனங்கள் வளாகத்துக்கே வந்து ஆள் எடுப்பது என்று பொருள். பிரிட்டனின் முதுகலைப் படிப்புகளில் அதே சொல் வேறொன்றைக் குறிக்கிறது. படிப்பின் ஒரு பகுதியாகச் சில வாரங்களோ மாதங்களோ ஓர் அமைப்பில் பணியாற்றி, அதைப் பற்றி அறிக்கை எழுதி மதிப்பெண் பெறும் பயிற்சிக்கு அங்கே அந்தப் பெயர். பழைய பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு, ஏழை நாடுகளின் மேம்பாட்டைப் பற்றிய ‘உலகளாவிய வளர்ச்சி’ முதுகலை படிக்க விமானம் ஏறியவன் நான். ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு, விசாவுக்கான காசநோய்ப் பரிசோதனை, 28 நாள் வங்கி இருப்பு ஆகியவற்றுக்கு விளக்கங்கள் ஏராளமாக இருப்பதால், அவற்றை விட்டுவிட்டு இந்தப் பயிற்சியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

படி 1: படிப்பின் பெயரை நம்பாமல் பாடக் கையேட்டைப் படியுங்கள்

பிரிட்டனில் முதுகலைப் பட்டத்துக்குப் பொதுவாக 180 கிரெடிட்கள் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகுகள்) தேவை. அவற்றில் பயிற்சிக்கு எத்தனை, மதிப்பெண் உண்டா, இடத்தைத் தேடித் தருவது யார் என்ற மூன்று கேள்விகளையும் சேர்க்கைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். நான் சேர்ந்த படிப்பின் விளம்பரத்தில் ‘பயிற்சியுடன்’ என்று இருந்தது. மாணவரே இடம் தேடிக்கொள்ள வேண்டும் என்பது கையேட்டின் உள்ளே இருந்தது. செப்டம்பரில் போய்ச் சேர்ந்த நான் அந்த வரியைப் படித்தது நவம்பரில்.

படி 2: விசாவின் மணிக்கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மாணவர் விசாவில் பட்டப்படிப்பு படிப்பவர்கள் பாடக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. பயிற்சி, படிப்பின் மதிப்பிடப்படும் பகுதியாக இருந்தால் அது இந்த 20 மணி நேரத்தில் சேராது. ஆனால் அது பொதுவாகப் படிப்புக் காலத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

கையேட்டின் கெடுவுக்குள் இடம் கிடைக்காததால், கோடை விடுமுறையில் சொந்தமாக ஒரு பயிற்சி பார்த்துக்கொள்ளலாம் என்று திட்டமிட்டேன். ஓராண்டு முதுகலையில் கோடை என்பது விடுமுறையே அல்ல. ஆய்வேடு எழுதும் அந்த மாதங்களும் பாடக் காலமாகவே கருதப்படுகின்றன என்பதைச் சர்வதேச மாணவர் உதவி மேசையில் இருந்த பெண்மணி நாட்காட்டியைத் திருப்பிக் காட்டியபோதுதான் அறிந்தேன். சம்பளம் இல்லாத வேலைக்கும் அதே 20 மணி நேர வரம்புதான். எனவே முழுநேரப் பயிற்சி வேண்டுமென்றால் அது கிரெடிட் உள்ள பாடமாகத்தான் இருக்க வேண்டும். நல்ல வேளையாக, வாரம் இரண்டு நாள் என்று நான் மாற்றிக் கேட்டதற்கு ஓர் அமைப்பு இசைந்தது.

படி 3: பெரிய பெயர்களை விட்டுச் சிறிய அமைப்புகளைத் தேடுங்கள்

பிரிட்டன் தன் வெளிநாட்டு உதவியை 2021இல் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைத்தது. 2027இல் அது 0.3 ஆகும் என்று 2025 பிப்ரவரியில் அறிவித்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி முகமையான யூஎஸ்எய்டும் மூடப்பட்டது. அனுபவமுள்ள ஊழியர்களே வேலை தேடும் காலத்தில், பெரிய தொண்டு நிறுவனத்தின் வாசலில் மாணவர் காத்திருப்பதில் பயனில்லை என்பது என் கருத்து.

இங்கிலாந்து, வேல்ஸ் தொண்டு நிறுவனங்களின் வரவு, செலவு, அறங்காவலர் விவரங்கள் அனைத்தும், அவற்றைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான சாரிட்டி கமிஷனின் இணையப் பதிவேட்டில் இலவசமாகக் கிடைக்கின்றன. லிங்க்டுஇன்னைவிட எனக்கு அதுவே பயன்பட்டது. நான்கைந்து பேர் மட்டுமே வேலை செய்யும் அமைப்புகளின் ஆண்டறிக்கைகளைப் படித்து, எந்த வேலைக்கு அவர்களிடம் ஆளில்லை என்று ஓர் எக்செல் தாளில் குறித்துக்கொண்டேன்.

படி 4: மின்னஞ்சல்

என் முதல் கடிதங்கள், ‘மதிப்புக்குரிய ஐயா / அம்மையீர், தங்கள் மேன்மைமிகு நிறுவனத்தில் ஒரு வாய்ப்பு அளித்தால் என்றென்றும் கடமைப்பட்டிருப்பேன்’ என்ற பாணியில் இருந்தன. தந்தை பெயர், பிறந்த தேதி, புகைப்படம் எல்லாம் அடங்கிய நான்கு பக்க பயோடேட்டாவையும் இணைத்திருந்தேன். ஒருவர்கூடப் பதில் எழுதவில்லை. பிறகு பயோடேட்டாவை இரண்டு பக்கமாகக் குறைத்துப் புகைப்படத்தை நீக்கி, கடிதத்தை இப்படி மாற்றினேன்: ‘உங்கள் அறிக்கையில் தோண்டிய கிணறுகளின் எண்ணிக்கை இருக்கிறது. மூன்றாண்டுக்குப் பிறகு அவற்றில் எத்தனையில் தண்ணீர் வருகிறது என்ற கணக்கை, உங்களிடம் உள்ள களத்தரவிலிருந்து எட்டு வாரங்களில் தொகுத்துத் தர முடியும். வாரம் இரண்டு நாள் வருவேன்.’ நான்காம் நாள் தொலைபேசி வந்தது.

அந்தத் தொகுப்பு வேலைக்கு எக்செல்லின் பிவட் அட்டவணையும், களக் கணக்கெடுப்புக்கான கோபோடூல்பாக்ஸ் மென்பொருளும் போதுமாக இருந்தன. புள்ளியியல் மென்பொருளான ஸ்டேட்டாவை அவசரமாகக் கற்க வேண்டியதில்லை.

படி 5: ஒப்பந்தம்

கிரெடிட் உள்ள பயிற்சி என்றால் பல்கலைக்கழகம், அமைப்பு, நீங்கள் என மூவரும் கையெழுத்திட்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள். காப்பீடும் மேற்பார்வையாளர் யார் என்பதும் அதில் இருக்க வேண்டும். உயர்கல்வியின் கட்டாயப் பகுதியாக அமையும் ஓராண்டுக்கு மிகாத பயிற்சிக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது என்பதால், பெரும்பாலும் சம்பளம் இருக்காது. பயணச் செலவையும் மதிய உணவையும் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

பிற்சேர்க்கை: பயிற்சி முடிந்த பிறகு, ‘பில் அனுப்புங்கள், ஆலோசகர் கட்டணமாகத் தருகிறோம்’ என்று அமைப்பு சொன்னதாக இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். அப்படிப் பில் போட்டுப் பணம் பெறுவது சுயதொழில். மாணவர் விசாவில் அதற்கு அனுமதி இல்லை. 20 மணி நேரத்துக்கு உட்பட்டு ஊழியராகச் சேர்த்துக்கொண்டு சம்பளமாகத் தருமாறு கேளுங்கள். முடியாது என்றால் ரயில் சீட்டுகளைக் காட்டிப் பயணச் செலவை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.