தோய்ச்சல் போட்ட கத்தியில் ஸ்கேல் எடுப்பது

தோய்ச்சல் (பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கெட்டிப்படுத்துவது) முடிந்த கத்தியின் மேல் கருப்பாக ஒட்டியிருப்பது வெறும் கரி அல்ல. செக்கச்செவேல் என்று காய்ந்த இரும்பு காற்றோடு சேர்ந்து உண்டான ஆக்சைடு, கண்ணாடி மாதிரி கெட்டி. இதைத்தான் ஸ்கேல் என்கிறோம். அதை அப்படியே பெல்ட் கிரைண்டரில் வைத்தால் பெல்ட் வழுக்கும், புது பெல்ட்டும் சீக்கிரமே மழுங்கும், கத்தி சூடேறும். விளிம்பில் நீலம் ஓடினால் அந்த இடம் 300 டிகிரியை எட்டிவிட்டது, போட்ட டெம்பர் (தோய்த்த பின் மிதமாகச் சூடேற்றி விறைப்பைத் தணிப்பது) போச்சு. முதலில் வினிகர், அப்புறம்தான் கிரைண்டர்.

டெம்பர் போடாத கத்தியை மட்டும் வினிகரில் இறக்காதீர்கள். தோய்த்த கையோடு எஃகு உள்ளுக்குள் விறைத்து நிற்கும். அமிலத்தில் பிறக்கும் ஹைட்ரஜன் உள்ளே புகுந்தால் விரிசல் விடலாம். புதுப்பேட்டையில் வாங்கிய லாரி ஸ்பிரிங் பட்டை என்றால் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு இன்னொரு இரண்டு மணி நேரம். அதன் பிறகு தொடுங்கள்.

பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் வைத்து எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்துக் கழுவுங்கள். பிசுக்கு இருக்கும் இடத்தில் வினிகர் ஏறாது. திட்டுத் திட்டாக நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இரண்டரை அங்குல பிவிசி பைப்பில் ஓரடி வெட்டி, அடியில் மூடி ஒட்டினால் ஒரு லிட்டர் வினிகரில் முழுக் கத்தியும் முங்கும். கைப்பிடிக்குள் போகும் காம்பின் ஓட்டையில் நைலான் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். பாதி வெளியே நின்றால் திரவ மட்டத்தில் ஒரு கோடு அரித்துவிடும். மேலே இறுக்கி மூட வேண்டாம், வாயு வெளியேற வேண்டும். மாலையில் போட்டால் காலையில் எடுக்கலாம்: 12 மணி நேரம். அவசரமென்றால் ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்). சில மணி நேரத்தில் வேலை முடியும். இரண்டு நாள் மறந்துவிட்டால் குழி விழும், குத்திய முத்திரையும் மங்கும்.

எடுத்ததும் மேலே கருப்புச் சேறு. கம்பி பிரஷால் ஓடும் நீரில் தேய்த்தால் சாம்பல் நிறத் தகடு தெரியும். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கரைத்துப் பத்து நிமிடம் முக்கி, கொதிநீர் ஊற்றித் துடைத்து, அப்போதே தையல் மெஷின் எண்ணெய் தடவுங்கள். ‘டீ குடித்துவிட்டு வருகிறேன்’ என்று போனால், சென்னைக் காற்றில் திரும்பி வருவதற்குள் மஞ்சள் துரு பூத்திருக்கும்.

கழிவறை ஆசிட் வேகம்தான். ஆனால் அதன் புகை பட்டறையில் உள்ள வைஸ், டிரில் எல்லாவற்றிலும் துரு ஏற்றும். பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் கிளம்பும், ஆளுக்கே ஆபத்து. ஸ்கேலுக்கு அவ்வளவு தேவையே இல்லை.

ஸ்கேல் போனதும் அரம் போட்டுப் பார்ப்போம்; கெட்டியான எஃகில் அரம் வழுக்கும். அரம் கடித்தால் தோய்ச்சல் தவறிவிட்டது என்று பதறாதீர்கள். உலையில் மேல்தோலின் கார்பன் எரிந்து, மெல்லிய மெத்தென்ற படலம் நிற்கும். 60 கிரிட் பெல்ட்டில், ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் முக்கி, கால் மில்லிமீட்டர் போல எடுத்துவிட்டு மறுபடி அரம் வையுங்கள். அப்போதும் கடித்தால்தான் மீண்டும் உலைக்கு.